கை நனைக்காதவன்

என் தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தது எங்கள் கிணறு. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நடந்தது அதுதான்.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் அப்பாவின் தோட்டமும் என் தாய்மாமனின் தோட்டமும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டுக்கும் நடுவில் கிணறு. மச்சானும் மச்சானும் சேர்ந்து வெட்டிய கிணறு அது. ஒருநாள் தண்ணீர் அவருக்கு, மறுநாள் இவருக்கு என்று முறை வைத்திருந்தார்கள். சொத்து வெளியே போகக் கூடாது என்றோ, பெண் கண் பார்வையில் இருக்கட்டும் என்றோ, மாமன் மகனுக்கே என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். நான் வாக்கப்பட்டுப் போன தூரம் நாலு வரப்பு. என் வீட்டுக்காரர் குமுளியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் வேலையாக இருந்தார். மாதம் ஒருமுறை வந்தால் பெரிது. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அதனால் அந்த வீட்டில் நானும் மாமாவும்தான், பிறகு அவருடைய இரண்டு எருதுகள்.

கலியாணமான புதிதில் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. உறைமோர் இல்லையென்றால் வரப்பில் ஓடி அம்மாவிடம் வாங்கி வருவேன். அம்மா தன் அண்ணனுக்குப் பிடிக்கும் என்று கொள்ளுப் பருப்பு கடைந்து கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வருவாள். அப்படியே போயிருக்கும், அப்பா கரண்டு இழுத்து மோட்டார் வைக்காமல் இருந்திருந்தால்.

எழுபதுகளின் நடுவில் அது. எங்கள் பக்கம் ஒவ்வொரு தோட்டமாக மோட்டார் வந்துகொண்டிருந்த காலம். மாமா அப்போதும் எருது கட்டித்தான், சாலில் தண்ணீர் மொண்டு, கவலை இறைத்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்த ஒருநாள் காலையில் சால் பாதிச் சேற்றோடு மேலே வந்தது. ராத்திரியெல்லாம் மோட்டார் ஓடியது என்றார் மாமா. மழை இல்லாததற்கு மோட்டார் என்ன செய்யும் என்றார் அப்பா. மாமா போய் ப்யூஸைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் வீசிவிட்டார். அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் எல்லாம் நின்று பார்க்க, அப்பா சொன்னார்: "பொண்ணக் குடுத்த ஊடுன்னு பாக்கறன். இல்லீன்னா நடக்கறதே வேற."

மாமா எருதின் மேல் கையை வைத்துச் சொன்னார்: "இனி உங்கூட்டுல நான் கை நனைச்சன்னா, இந்த மாடு ரெண்டும் எனக்கில்ல."

அப்பாவும் பதிலுக்கு ஒரு சத்தியம் செய்தார். வாய் இரண்டு பக்கமும் நீளம்தானே.

எங்கள் ஊரில் ஒருவர் வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்போம். பெண் பார்க்கப் போகிறவர்கள் சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். நனைக்காமல் எழுந்து போனால், வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. உறவு இருக்கிறதா இல்லையா என்று அறிய எங்களுக்கு வேறு அத்தாட்சி கிடையாது.

சண்டை வந்ததும் மறந்துபோன வழக்கமெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. கட்டிக் கொடுத்த பெண் தானாகப் பிறந்த வீட்டுக்குப் போகக் கூடாது, ஆள் வந்து கூட்டிப் போக வேண்டும் என்று ஒன்று இருந்ததே, அது. அப்பா ஆள் அனுப்பமாட்டார். மாமா கூப்பிடாமல் அனுப்பமாட்டார். "போறதுன்னாப் போ அம்மிணி, நான் தடுக்கல. ஆனா கூப்புட ஆள் வராம நீயாப் போனயின்னா எனக்கு என்ன மருவாதி இருக்குது, நீயே சொல்லு" என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் பிடிக்கும் பிடிவாதம்தான் விடாது.

நீயே நடந்து போக வேண்டியதுதானே என்று இன்று என் மகள் கேட்கிறாள். போயிருக்கலாம். திரும்பி வர வீடு இருந்திருக்குமா என்று அவளுக்குச் சொல்லிப் புரிய வைக்க என்னால் முடியவில்லை.

அம்மாவுக்கு அந்த வருஷம் கால் வீங்க ஆரம்பித்தது. மூச்சு இழுத்தது. பாலக்காட்டுக்குக் கூட்டிப் போய் ஊசி போட்டார்கள் என்று கறவைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் பின்வாசலுக்குப் போய் அம்மா வீட்டு ஓட்டைப் பார்ப்பேன். அடுப்புப் புகை எழுந்தால், எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் என் அடுப்பைப் பற்ற வைப்பேன்.

இந்த நேரத்தில்தான் என் தம்பிக்கு அந்தப் படிப்பு கிடைத்தது. பாலக்காட்டில் எம்.ஏ. முடித்திருந்தான். சமாதானத்துக்கென்றே வெளிநாட்டில் ஒரு படிப்பாம். பல தேசத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, செலவெல்லாம் தாங்களே கொடுத்து, சண்டையை எப்படித் தீர்ப்பது என்று சொல்லிக்கொடுத்து, நாளைக்குத் தலைவர்களாக வருவதற்குத் தயார் செய்வார்களாம். மதராஸில் நேர்முகத் தேர்வில், உனக்கு நேரில் தெரிந்த ஒரு சண்டையைச் சொல் என்று கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் யுத்தத்தையும் கலவரத்தையும் சொல்ல, இவன் எங்கள் கிணற்றைச் சொல்லியிருக்கிறான். கேட்டவர்கள் அசந்து போனார்களாம். அந்தக் கிணற்றுத் தண்ணீர் வேறு எந்தப் பயிருக்கும் அவ்வளவு நன்றாகப் பாய்ந்ததில்லை.

மாமாவுக்குச் செய்தி தெரிந்ததும் சிரித்தார். "சண்டையத் தீக்கறதுக்கு ஒரு படிப்பா? நம்மூர்ல அதுக்கு எதிர்ப் படிப்பு படிச்சவனுக நெறையப் பேரு இருக்கறானுக, அவனுகளையும் கூட்டிட்டுப் போகச் சொல்லு." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்குக் குளிர் தாங்குமா அம்மிணி?" என்று கேட்டார். சின்ன வயதில் அவர் தோளிலேயே கிடந்தவன் அவன்.

முதல் வருஷம் முடிந்ததும் ஊருக்கு அனுப்புவார்கள், நிஜமான ஒரு சண்டையில் இறங்கி வேலை செய்துவிட்டு அதைப் பற்றி எழுதிக்கொண்டு திரும்ப வேண்டும் என்று ஏற்பாடு. அவன் எங்கள் சண்டையையே எடுத்துக்கொண்டான். அவன் வருகிறான் என்று கேட்டதும் எனக்குள் ஒரே ஒரு எண்ணம்தான். சமாதானம் ஆனால் ஆகட்டும், ஆகாவிட்டால் போகட்டும். அவன் பிறந்த வீட்டு ஆள். வந்து என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அக்காளைக் கூட்டிட்டுப் போறன் மாமா" என்று சொன்னால் போதும். நான் அம்மாவைப் பார்த்துவிடுவேன்.

அவன் வந்த அன்று சந்தகை பிழிந்தேன். அரிசி ஊற வைத்து, ஆட்டி, வேக வைத்து, ஒண்டியாளாக மரத்தை அழுத்திப் பிழிந்து தேங்காய்ப்பாலும் எடுத்து வைத்தேன். மாமாவும் புதுத் துண்டு போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இளைத்துக் கறுத்து வந்தான் தம்பி. மாமா காலைத் தொட்டான். கட்டிலில் உட்கார்ந்தான். நான் இலையைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தபோது, "அக்கா, சாப்பாடு வேண்டாம்" என்றான்.

பசி இல்லையோ என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அதையும் வாங்கவில்லை.

பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். பொறுமையாகத்தான் சொன்னான்: "இங்க சாப்புட்டா நான் மாமா பக்கம்னு அப்பா நெனைப்பாரு. அங்க சாப்புட்டா அப்பா பக்கம்னு மாமா நெனைப்பாரு. நடுவுல நிக்கறவன் ரெண்டு பக்கத்துலயும் எதுவும் வாங்கக் கூடாதக்கா. என் கூடப் படிக்கறவன் ஒருத்தன், சண்டையில அண்ணனப் பறிகுடுத்துட்டு வந்திருக்கறான். அவங்கூர்ல பேச வந்தவன் ஒரு பக்கத்துல விருந்து சாப்புட்டதுல பேச்சே முறிஞ்சு போச்சாம்."

"அப்ப எங்கடா சாப்புடறே?"

"கொல்லங்கோட்டுல ரூம் எடுத்திருக்கறன். ஓட்டல்ல சாப்புடறன்."

"அம்மா ஊட்லயுமா சாப்புடல?"

படுத்துக் கிடந்த அம்மா எழுந்து வந்து சோறு போட்டிருக்கிறாள். இவன் வேண்டாம் என்றிருக்கிறான். பெத்தவ கையில சோறு வாங்கித் திங்க விடாத படிப்பு என்னடா படிப்பு என்று அழுதாளாம். அதை அவனே சொன்னான்.

"ரெண்டு ஊட்லயும் திங்காம இருக்கறதுக்கு, ரெண்டு ஊட்லயும் தின்னுட்டுப் போலாமில்லடா" என்றேன். கோபத்தில் வந்த வார்த்தைதான். பெரிய யோசனை என்று நினைத்து நான் சொல்லவில்லை. அவன் அப்படிச் செய்திருந்தால் எல்லாம் தீர்ந்திருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தீராமலும் போயிருக்கலாம். அம்மா வயிறாவது குளிர்ந்திருக்கும்.

அவன் போன பிறகு சந்தகை அப்படியே இருந்தது. மாமா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கை நனைக்காதவங்கிட்ட என்னத்தப் பேசறது அம்மிணி?" என்றார். ஆனாலும் பேசப் போனார். மருமகன் மேல் இருந்த ஆசைதான் காரணம், வேறில்லை.

யார் வீடும் வேண்டாம், பொது இடம் வேண்டும் என்று ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்தான். நானும் வர வேண்டும் என்று தம்பி சொன்னதால் மாமா என்னையும் கூட்டிப் போனார். குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் அப்பா ஒருபக்கம், மாமா ஒருபக்கம், இருவருக்கும் முழங்கால் நெஞ்சுக்கு வந்திருந்தது. அப்பாவை அவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. காதோரம் நரைத்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது என்று தம்பி விதி வைத்தான். அப்பா பேசினார். மாமா குறுக்கே பேசவில்லை. அதுவே அதிசயம். பிறகு மாமா பேசினார். "மச்சான் மோட்டார் வெச்சது தப்புன்னு நான் சொல்லல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வெச்சிருக்கோணும். நானும் மம்முட்டி புடிச்ச கெணறுதானே அது." அப்பாவின் தலை லேசாக அசைந்தது. நான் பார்த்தேன். இன்றைக்கே அம்மாவைப் பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தம்பி தூக்குப்போசியைத் திறந்து டம்ளரில் காப்பி ஊற்றி ஆளுக்கொன்று வைத்தான்.

மாமா டம்ளரைத் தொடவில்லை. "இது எங்கத்த காப்பி மாப்ளே?"

"கடைக் காப்பிங் மாமா. ரெண்டு ஊட்டுதும் இல்லீங்க." பெருமையாகத்தான் சொன்னான்.

"நீ எங்கூட்டுல கை நனைச்சயா?"

"இல்லீங் மாமா."

மாமா அப்பாவைப் பார்த்தார். சண்டைக்குப் பிறகு அவர் அப்பாவிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். "உங்கூட்ல நனைச்சானா மச்சான்?"

"இல்ல" என்றார் அப்பா. "அவிய அம்மா எந்திரிச்சு வந்து போட்டா. வேண்டாம்னுட்டான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா எழுந்தார். "ரெண்டு ஊட்லயும் திங்காதவன் ரெண்டு ஊட்டுக்கும் ஆகாதவன். அவன வெச்சு நாம என்னத்தப் பேசறது?"

"அதென்னமோ நெசந்தான்" என்றார் அப்பா. அவ்வளவு காலத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். ஆளுக்கொரு பக்கம் நடந்து போய்விட்டார்கள். காப்பி பெஞ்சிலேயே ஆறியது.

நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இப்பவே என்னைக் கூட்டிட்டுப் போடா. நீ கூப்புட்டா மாமா தடுக்கமாட்டாரு. அம்மாவ ஒருக்காப் பாத்துட்டு வந்தர்றன்."

"பேச்சு நடக்கறப்ப நான் உன்னைக் கூட்டிட்டுப் போனா ஒரு பக்கம் சேந்தாப்பல ஆயிரும் அக்கா. அடுத்த ஞாயித்துக்கெழம மறுக்கா உக்கார வெக்கறன். ஒரு வாரம் பொறுத்துக்க."

"நீ எங்களுக்குச் சமாதானம் பண்ண வந்தயா, உன்ற வாத்தியாருக்குப் பரீச்ச எழுத வந்தயா?" என்று கத்தினேன். அவன் கண் கலங்கிவிட்டது. பாவம், அவனும் சின்னப் பையன்தான். நம்பி அனுப்பியவர்களுக்குப் பழுதில்லாமல் நடக்க வேண்டும் என்று பார்த்தான். ஆனால் எனக்கு அன்று அவன் மேல் இரக்கம் வரவில்லை. மாமா முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் பின்னால் நடந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை அம்மா பொறுக்கவில்லை.

அதற்குள் ஒருநாள் காலையில் பின்வாசலில் போய் நின்றேன். ஓட்டின் மேல் புகை இல்லை. வெயில் ஏறியது. அப்போதும் இல்லை. பிறகு வரப்பின் மேல் ஒவ்வொருவராக ஆட்கள் அந்த வீட்டைப் பார்த்துப் போக ஆரம்பித்தார்கள். ஆண்கள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. திரும்பினால் மாமா என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்பார்கள். மாமா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். பொங்கலுக்குத் தங்கைக்கு என்று எடுத்து, கொடுக்க வழியில்லாமல் வைத்திருந்த சேலை ஒன்று அதில் இருந்தது. அரக்கு நிறம், மடிப்புக்கூடப் பிரியாதது. அம்மாவுக்கு அந்த நிறம் பிடிக்கும். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போடாமல் ஒரு பெண்ணின் பாடையைத் தூக்கமாட்டார்கள். அந்தக் கோடியைப் போட வேண்டியவர் இவர். சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பொறப்படு அம்மிணி" என்றார்.

கூட்டிப் போக ஆள் வரவில்லை. ஆனாலும் போனேன். கிணற்றைத் தாண்டும்போது மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாலு வரப்பைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? அம்மா உயிரோடு இருந்தபோது அந்த வழி அப்படியேதான் கிடந்தது.

அப்பா எழுந்து நின்றார். மாமா கையை நீட்டினார். துக்க வீட்டில் எல்லா ஆண்களும் செய்வதுபோல அப்பா அந்தக் கையைத் தொட்டார், பிறகு விடவில்லை. மாமா போட்ட சேலை அம்மாவுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் நான் விழுந்து அழுதேன். உடுத்திப் பார்க்கக் கொடுத்திருக்க வேண்டிய சேலை.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். சம்பந்தி வீட்டிலிருந்துதான் சோறு வர வேண்டும். நான் திரும்ப ஓடி வந்து அரிசியும் பருப்பும் போட்டுப் பொங்கி அண்டாவோடு எடுத்துப் போனேன். சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் குளித்துவிட்டு ஈரத்தோடு பந்தியில் உட்கார்ந்தார்கள். அப்பாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில். கடைசியில், கொள்ளி வைத்து மொட்டையடித்த தலையோடு தம்பி. நான் அவன் இலையில் சோற்றை வைத்தேன். குனிந்தபடியே அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "இப்ப எந்தப் பக்கம்டா?"

அவன் கை இலை மேல் அப்படியே நின்றது. பிறகு பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான். அழுதுகொண்டே சாப்பிட்டான், இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. கேட்ட பிறகு அவன் முகத்தைப் பார்த்தேனே, அதற்குத்தான்.

கிணற்றில் பிறகு ஒரே மோட்டார்தான் ஓடியது, ஒருநாள் அவருக்கு, ஒருநாள் இவருக்கு. தம்பி திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தான். நடந்ததை ஒளிக்காமல் எழுதினானாம். இன்னொரு முறை வாய்ப்புக் கிடைத்தால் எதை மாற்றிச் செய்வாய் என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். சாப்பிட்டிருப்பேன் என்றானாம். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்களாம். அண்ணனைப் பறிகொடுத்த அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை என்றான். பிறகு எந்தெந்தத் தேசத்துக்கோ போய்ச் சண்டைக்காரர்களை உட்கார வைத்துப் பேசும் வேலைதான் பார்த்தான். ஊருக்கு வந்தால் பையைக் கீழே வைப்பதற்கு முன் என் அடுப்படிக்கு வந்து ஒரு வாய் சாப்பிடுவான், அடுத்து அப்பா வீட்டில் ஒரு வாய். வயிற்றில் இடம் இருக்கிறதா என்று பார்க்கமாட்டான்.

மாமா காலமான பிறகு அப்பா அடிக்கடி என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, கேட்காமலே சொன்னார்.

அம்மா போன அன்று விடியற்காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தாளாம். "பையன் கை நனைச்சானா?" என்று கேட்டாளாம்.

"நனைச்சான். நீ தூங்கறப்ப வந்து சாப்புட்டான்."

"எங்கண்ணன் ஊட்ல?"

"அங்கயும் நனைச்சான். நாங்கூடப் போயிருந்தன். உங்கண்ணன் பக்கத்துலதான் உக்காந்து சாப்புட்டன். பொண்ணு சந்தகை புழிஞ்சிருந்தா. நாளைக்கு உன்னப் பாக்க ரெண்டு பேரும் வர்றாங்க."

அம்மா சிரித்தாளாம். அதற்குப் பிறகு பேசவில்லையாம்.

அப்பா இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நல்லது செஞ்சீங்க என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. என்னால் சொல்ல முடியவில்லை. எச்சில் இலையை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டேன். யாரோடு உட்கார வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது அவருக்கு. அதை அப்படியே வாயால் சொல்லவும் முடிந்திருக்கிறது. எழுந்து நாலு வரப்பு நடந்து வர மட்டும்தான் முடியவில்லை.